பாம்பின் டிஎன்ஏவை எலியில் வைத்தால் கால் ஏன் வளரவில்லை?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். "ஒரு உயிரின் டிஎன்ஏவை இன்னொரு உயிரின் செல்லுக்குள் எப்படி வைக்கிறார்கள்? மனித மரபணு பாக்டீரியாவில் வேலை செய்வது பரிணாமத்துக்கு ஆதாரமா? எல்லா உயிரையும் யாரோ ஒரே மாதிரி வடிவமைத்திருந்தாலும் இப்படித்தானே வேலை செய்யும்? வைத்த மரபணு அங்கே நிலைத்து நிற்குமா?"

நான்கில் மூன்றாவதுதான் நல்ல கேள்வி. அதனால் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மனித மரபணு பாக்டீரியாவில் வேலை செய்கிறது என்ற ஒரே ஒரு செய்தியை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது. எது வேலை செய்கிறது, எது மறுக்கிறது, மறுப்பவை எந்த ஒழுங்கில் மறுக்கின்றன என்று சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு தெரிய ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால், ஒத்துழைக்காத மரபணுக்களிடம்தான் கதை அதிகம்.

செய்முறையை முதலில் முடித்துவிடலாம். செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான சவ்வு. டிஎன்ஏ நீளமான, எதிர்மின்னேற்றம் கொண்ட இழை. அது பாட்டுக்கு உள்ளே போய்விடாது. ஈ. கோலை பாக்டீரியாவுக்கு ஒரு பழைய முறை இருக்கிறது. செல்களைக் கால்சியம் குளோரைடு கரைசலில் போட்டுப் பனிக்கட்டியின் மேல் வைப்பார்கள். கால்சியம் மின்னேற்றத்தைத் தணித்து டிஎன்ஏவைச் சவ்வை ஒட்ட விடுகிறது. அப்புறம் 42 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு நிமிடம் போல வைத்து, உடனே திரும்பப் பனிக்கட்டிக்கு. இந்தத் திடீர்ச் சூட்டில் சில செல்கள் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதையே மின்துடிப்பு கொடுத்தும் செய்யலாம். தாவரச் செல்லுக்குக் கெட்டியான சுவர் இருப்பதால், 1980களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டங்ஸ்டன் துகள்களில் டிஎன்ஏவைப் பூசி வெங்காயச் செல்களின் மேல் துப்பாக்கி போன்ற கருவியால் சுட்டுப் பார்த்தார்கள். விளையாட்டு மாதிரி இருந்தாலும் அது வேலை செய்தது. விலங்குகளில் கருமுட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்துவது, வைரஸை வண்டியாகப் பயன்படுத்துவது என்று வேறு வழிகளும் உண்டு. இப்போது டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவி வந்துவிட்டதால், எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ அந்த இடத்தை வெட்டித் திறந்தே வைக்க முடிகிறது.

டிஎன்ஏ உள்ளே போன செல்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். பெரும்பாலான செல்கள் டிஎன்ஏவை எடுத்துக்கொள்வதே இல்லை. அதனால் நமக்கு வேண்டிய மரபணுவோடு, ஆன்டிபயாடிக் மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றையும் ஒரே பிளாஸ்மிட்டில், அதாவது ஒரு சிறு டிஎன்ஏ வளையத்தில், சேர்த்து அனுப்புவார்கள். பிறகு மருந்து கலந்த தட்டில் எல்லாவற்றையும் பரப்பினால் பிளாஸ்மிட் கிடைத்தவை பிழைக்கும், மற்றவை சாகும். மறுநாள் காலையில் தட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நான் முதன்முதலாகச் செய்தபோது ஒரு புள்ளிகூட வரவில்லை. செல்களைப் பனிக்கட்டியில் வைக்காமல் மேசையிலேயே விட்டிருந்தேன். மருந்து கலந்த தட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விக்கு அது தேவைப்படும்.

இதெல்லாம் மனிதன் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1928இல் பிரெடரிக் கிரிஃபித் என்ற ஆங்கிலேய மருத்துவர் நிமோனியாக் கிருமியில் இரண்டு வகைகளை வைத்து ஆராய்ந்தார். ஒன்றுக்கு வழவழப்பான உறை உண்டு, அது எலியைக் கொல்லும். இன்னொன்றுக்கு உறை இல்லை, ஒன்றும் செய்யாது. உறையுள்ளதைச் சூடாக்கிக் கொன்று, உயிருள்ள உறையற்ற வகையோடு கலந்து எலிக்குச் செலுத்தினார். தனித்தனியாகச் செலுத்தினால் இரண்டுமே ஒன்றும் செய்யாது. சேர்த்துக் கொடுத்தபோது எலிகள் செத்தன, அவற்றின் இரத்தத்தில் உறையோடு கூடிய உயிருள்ள கிருமிகள் இருந்தன. செத்ததிடமிருந்து எதையோ வாங்கி உயிருள்ளது மாறியிருந்தது. அந்த "எதோ" டிஎன்ஏதான் என்று 1944இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். டிஎன்ஏதான் மரபுப்பொருள் என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான சான்றே, ஒரு செல்லுக்குள் வேற்று டிஎன்ஏ நுழைந்த நிகழ்ச்சிதான். ஆய்வகம் வருவதற்கு முன்பே பாக்டீரியாக்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்துகொண்டிருந்தன.

சரி, இனி இரண்டாவது கேள்வி. 1974இல் ஆப்பிரிக்கத் தவளையின் ரைபோசோம் (செல்லில் புரதம் செய்யும் இயந்திரம்) மரபணுக்களை ஈ. கோலைக்குள் வைத்தபோது பாக்டீரியா அவற்றை ஆர்என்ஏவாக, அதாவது மரபணுவின் வேலை நகலாக, படியெடுத்தது. 1978இல் மனித இன்சுலினின் இரண்டு சங்கிலிகளுக்கான மரபணுக்களை வேதியியல் முறையில் செய்து பாக்டீரியாவில் வைத்தார்கள். அப்படிச் செய்த இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. இதற்கு அடிப்படை, மரபுக் குறியீடு ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் ஒன்றாக இருப்பது. மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் 64 சொற்கள் வரும். 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும், 3 சொற்கள் "நிறுத்து" என்று சொல்லும். இந்த அகராதி இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று வேதியியல் கட்டாயம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனாலேயே, எல்லோரும் ஒரே மூதாதையரிடமிருந்து இதை வாங்கிக்கொண்டார்கள் என்பது இயல்பான விளக்கம். ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி, "ஒரே வடிவமைப்பாளர், ஒரே அகராதி" என்றும் ஒருவர் சொல்லிவிட்டுப் போகலாம்.

எனவே அகராதி எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்ப்போம். நம் செல்லில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு சிறு டிஎன்ஏ உண்டு, 37 மரபணுக்கள். மற்ற இடங்களில் "நிறுத்து" என்று பொருள்படும் யூ.ஜி.ஏ. என்ற சொல்லை அது டிரிப்டோபன் என்ற அமினோ அமிலமாகப் படிக்கிறது. அதனால் மனித மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றை அப்படியே ஈ. கோலையில் வைத்தால் புரதம் பாதியிலேயே அறுந்துபோகும். விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவிலும் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவிலும் இந்த மாற்றம் இருக்கிறது, தாவரங்களில் இல்லை. இப்படி விலகல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்காமல் பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக வருகின்றன.

அகராதி ஒன்றாக இருந்தாலும் வட்டார வழக்கு வேறு. அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்துக்கு ஆறு சொற்கள் உண்டு. மனிதச் செல் தாராளமாகப் பயன்படுத்தும் ஏ.ஜி.ஏ., ஏ.ஜி.ஜி. இரண்டும் ஈ. கோலையில் அபூர்வம். அவற்றைப் படிக்கும் கடத்து ஆர்என்ஏ அங்கே குறைவு, எனவே மனித மரபணுவைப் படிக்கும்போது திக்கித் திணறும். மரபணுவைப் பாக்டீரியாவின் வழக்குக்கு ஏற்ப மாற்றி எழுதித் தருவது இன்று அன்றாட வேலை. இன்னொரு தடை, நம் மரபணுக்களின் நடுவே வரும் இன்ட்ரான்கள். புரதத்துக்குத் தேவையில்லாத இந்தத் துண்டுகளை நம் செல் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டும். அதற்கான பெரிய இயந்திரம் பாக்டீரியாவிடம் இல்லை. ஈஸ்ட்டில் அது இருக்கிறது. நமக்கும் ஈஸ்ட்டுக்கும் உறவு நெருக்கம், பாக்டீரியா தூரத்துச் சொந்தம் என்பது இந்தத் தொல்லைகளிலேயே தெரிந்துவிடும்.

ஈஸ்ட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. 1987இல் லண்டனில் மெலனி லீயும் பால் நர்ஸும் செய்த சோதனை இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. பிளவு ஈஸ்ட்டில் சி.டி.சி.2 என்ற மரபணு பழுதாகிவிட்டால் செல் பிரியாது. அப்படிப் பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுக்களை, எது எதென்று பார்க்காமல், ஒரு நூலகம் அளவுக்கு மொத்தமாகக் கொட்டினார்கள். எந்தச் செல் பிழைத்துப் பெருகுகிறது என்று காத்திருந்தார்கள். பெருகியதைப் பிடித்து, அதற்குள் இருந்த மனித மரபணுவைப் படித்துப் பார்த்தால் அது சி.டி.சி.2இன் மனித வடிவம். மனிதனும் ஈஸ்ட்டும் பிரிந்து சுமார் 100 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலத்துக்குப் பிறகும் செல் பிரிய வேண்டிய நேரத்தைத் தீர்மானிக்கும் புரதம் இடம் மாற்றிப் போடக்கூடியதாக இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் தாங்களாகத் தேடியிருந்தால் "ஒத்த மரபணுவைத் தேடினீர்கள், கிடைத்தது" என்று யாராவது குறை சொல்லலாம். இங்கே தேடியது ஈஸ்ட். நர்ஸுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்ததற்குப் பின்னால் இந்த வேலையும் இருந்தது.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்குள், 2015இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இதையே பெரிய அளவில் செய்தது. ஈஸ்ட் உயிர்வாழ இன்றியமையாத மரபணுக்களில் 414ஐ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு மனித வடிவத்தை வைத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட பாதி வேலை செய்தது. செய்தித்தாள்களுக்கு இந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. எனக்கு மற்றப் பாதிதான் முக்கியம். எழுத்து வரிசை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை வைத்து எது வேலை செய்யும் என்று நன்றாகக் கணிக்க முடியவில்லை. எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை வைத்துக் கணிக்க முடிந்தது. ஸ்டீரால் (கொலஸ்ட்ரால் வகைக் கொழுப்பு) தயாரிக்கும் வரிசையில் உள்ள நொதிகளை ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்ற முடிந்தது. டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரதங்கள் மசியவில்லை. பழைய புரதங்களை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோம் என்ற இயந்திரத்தில், ஆல்பா வளையத்தின் பகுதிகள் பெரும்பாலும் இடம் மாற, பீட்டா வளையத்தில் பல மறுத்தன.

ஏன் இப்படி? ஸ்டீரால் வரிசையில் ஒவ்வொரு நொதியும் தனியாள். முன்னவர் தந்த மூலக்கூறை மாற்றிப் பின்னவருக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒட்டி உரசி நிற்க வேண்டிய பங்காளிகள் என்று அதிகம் இல்லை. பீட்டா வளையத்திலோ ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு இறுகப் பொருந்த வேண்டும். ஒன்று கொஞ்சம் மாறினால் அடுத்ததும் அதற்கேற்ப மாறும். 100 கோடி ஆண்டுகளாக இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இப்படி வளைந்து கொடுத்துக்கொண்டே வந்தால், ஒரு வீட்டின் கதவு இன்னொரு வீட்டின் நிலையில் பொருந்தாது. ஒரே வடிவத்தை எல்லோருக்கும் கொடுத்திருந்தால், வேலை ஒன்றாக இருக்கும் இடத்தில் பாகங்களும் மாறிப் பொருந்தியிருக்க வேண்டும். வேலை ஒன்றாகவே இருந்தும், பங்காளிகள் அதிகம் உள்ள இடத்தில் பொருந்தவில்லை.

பாக்டீரியாவிலும் இதே பாடம் கிடைத்தது, அதுவும் யாரும் திட்டமிடாமல். அந்தக் காலத்தில் ஒரு நுண்ணுயிரின் மரபுத்தொகுதியை, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதையும், படிக்க வேண்டுமென்றால், அதைத் துண்டு துண்டாக வெட்டி ஈ. கோலைக்குள் வைத்துப் பெருக்கித்தான் படிப்பார்கள். சில துண்டுகள் எப்போதும் காணாமல் போகும், அந்த இடைவெளிகளை வேறு வழியில் நிரப்புவார்கள். பெரிய எரிச்சல். 2007இல் ஒரு குழு இந்த எரிச்சலையே தரவாக எடுத்துக்கொண்டது. 79 மரபுத்தொகுதிகள், 2,46,045 மரபணுக்கள்: இவற்றில் ஈ. கோலைக்குள் ஒருபோதும் நுழையாதவை எவை என்று பார்த்தார்கள். மிகப் பெரும்பாலானவை நுழைந்தன. மறுத்தவற்றில் ரைபோசோம் புரதங்களின் மரபணுக்கள் நிறைய இருந்தன. ரைபோசோம் என்றால் டஜன் கணக்கான பங்காளிகள் நெருக்கியடித்து நிற்கும் கூடம். இயற்கையில் பாக்டீரியாக்கள் மரபணுக்களை ஊர் முழுக்கக் கைமாற்றிக்கொண்டாலும் ரைபோசோம் மரபணுக்கள் பெரும்பாலும் தாய்வழியே இறங்கி வருவது ஏன் என்பதற்கு இது ஒரு நேரடிக் காரணம். உயிர்களின் வம்சவழி மரத்தை வரைய ரைபோசோமை நம்புவதும் அதனால்தான்.

இதுவரை பேசியது புரதத்தைப் பற்றி. உடலின் வடிவம் மாறுவதற்கு வருவோம். 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங்கின் குழு, பழ ஈயில் கண்ணை உருவாக்கத் தூண்டும் மரபணுவை ஈயின் காலிலும் சிறகிலும் உணர்கொம்பிலும் இயங்க வைத்தது. அங்கெல்லாம் கண்கள் முளைத்தன. அதே மரபணுவின் எலி வடிவமான பேக்ஸ்-6ஐ ஈக்குள் வைத்தபோதும் முளைத்தன. இதில் பலர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒன்று உண்டு. எலி மரபணுவால் முளைத்தது எலியின் கண் இல்லை, ஈயின் கூட்டுக்கண். "இங்கே கண் வேண்டும்" என்ற உத்தரவு மட்டும்தான் எலியிலிருந்து வந்தது, கண்ணைக் கட்டிய கொத்தனார்கள் எல்லாம் ஈயின் ஆட்கள். பூச்சிக்கும் பாலூட்டிக்கும் பொதுவான மூதாதைக்கு நம்மைப் போன்ற கண் இருந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒளியை உணரும் ஏதோ ஒரு எளிய உறுப்பும், அதை இயக்கும் இந்த உத்தரவும் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லலாம்.

உத்தரவு பழையது, கட்டடம் புதியது என்றால், உடல் வடிவங்கள் எங்கே வேறுபடுகின்றன? பெரும்பாலும் சுவிட்சுகளில். மரபணுவுக்கு வெளியே, சில சமயம் வெகு தொலைவில், என்ஹான்சர் என்ற டிஎன்ஏ துண்டு இருக்கும். இந்த மரபணு எந்த உறுப்பில், எந்த வேளையில் இயங்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். கால் வளர்வதற்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு தேவை. அதைக் கால் மொட்டில் இயக்கும் சுவிட்சுக்கு இசட்.ஆர்.எஸ். என்று பெயர். மரபணுவிலிருந்து லட்சக்கணக்கான எழுத்துகள் தள்ளி, சம்பந்தமில்லாத வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. பாம்புக்குக் கால் இல்லை. ஆனால் இந்தச் சுவிட்ச் பாம்பிடமும் இருக்கிறது!

2016இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகக் குழு எலியின் இசட்.ஆர்.எஸ்ஸை எடுத்துவிட்டு மற்ற உயிர்களின் இசட்.ஆர்.எஸ்ஸை அதே இடத்தில் வைத்தது. மனிதனுடையதை வைத்தால் எலிக்குக் கால்கள் சரியாக வளர்ந்தன. சீலகாந்த் என்ற மீனுடையதை வைத்தாலும் வளர்ந்தன. மலைப்பாம்பு, நாகம் இவற்றுடையதை வைத்தால் கால்கள் வளராமல் குட்டையாக நின்றுவிட்டன. எலிக்கு மீன் எவ்வளவு தூரம், பாம்பு எவ்வளவு பக்கம் என்று யோசித்துப் பாருங்கள். தூரத்து மீனின் சுவிட்ச் வேலை செய்கிறது, அதைவிட நெருங்கிய பாம்பின் சுவிட்ச் வேலை செய்யவில்லை. ஏனென்றால் மீனுக்குத் துடுப்பு தேவைப்பட்டது, அதனால் அங்கே சுவிட்ச் காப்பாற்றப்பட்டது. பாம்புக்குத் தேவைப்படவில்லை, எனவே அதில் பிழைகள் சேர்ந்தாலும் தட்டிக் கேட்க ஆளில்லை. பின்காலின் மிச்சமாக ஒரு சிறு முள் இன்னும் இருக்கும் மலைப்பாம்பிடம் சிதைவு குறைவு, அதுவும் இல்லாத நாகத்திடம் அதிகம். மலைப்பாம்பின் சுவிட்சில் விடுபட்டுப்போயிருந்த 17 எழுத்துகளை மட்டும் திரும்பச் சேர்த்து எலியில் வைத்தார்கள். கால்கள் வளர்ந்தன.

மூன்றாவது கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. பொதுவான வடிவமைப்பு என்றால் வேலை செய்பவை ஒத்திருப்பதை விளக்கலாம். கால் இல்லாத உயிரிடம் காலுக்கான சுவிட்ச், அதுவும் 17 எழுத்து குறைந்த நிலையில், அதே முகவரியில் ஏன் இருக்க வேண்டும்? கால் இருந்த மூதாதையரின் சொத்து என்றால் உடனே புரிகிறது. வைட்டமின் சி விஷயமும் இதே வகை. அதைத் தயாரிக்கும் கடைசிப் படிக்கான நொதியின் மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. அந்த நொதியின் எலி வடிவத்தை மனிதச் செல்லுக்குள் வைத்தபோது வைட்டமின் சி உருவானது. குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் இதே மரபணு உடைந்திருக்கிறது. கினிப்பன்றியிடமும் உடைந்திருக்கிறது, ஆனால் அது வேறு ஒரு விபத்து, உடைந்த விதமும் வேறு.

தொலைந்ததைத் திரும்பக் கொடுப்பது முழு விலங்கிலும் நடந்திருக்கிறது. கடலில் வாழும் முள்முதுகு மீனுக்கு இடுப்பில் முட்கள் உண்டு. பனியுகம் முடிந்து உருவான ஏரிகளில் குடியேறிய பல கூட்டங்களுக்கு அவை இல்லை. அந்த ஏரி மீன்களில், இடுப்பு உறுப்பு வளரத் தேவையான பிட்எக்ஸ்1 மரபணு நன்றாகவே இருக்கிறது, அதன் இடுப்புச் சுவிட்ச்தான் வெட்டுப்பட்டிருக்கிறது, அதுவும் பல ஏரிகளில் தனித்தனியாக. 2010இல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கிங்ஸ்லி குழு கடல் மீனின் சுவிட்சை மரபணுவோடு சேர்த்து, முள்ளில்லாத அலாஸ்கா ஏரி மீனின் முட்டையில் வைத்தது. வளர்ந்த மீனில் இடுப்பு உறுப்பு திரும்ப வந்தது. மரபணு முழுவதையும் கெடுத்திருந்தால் தாடை முதலிய பிற உறுப்புகளும் கெட்டிருக்கும். ஒரு சுவிட்சை மட்டும் இழந்ததால் மீதி உடம்பு பிழைத்தது.

அப்புறம், செத்துப்போன மரபணுவையும் உள்ளே வைக்கலாம். ஒரு புரதக் குடும்பத்தில் இன்று இருப்பவர்களின் வரிசைகளை ஒப்பிட்டு, மூதாதைக்கு எந்த வரிசை இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த மரபணுவை வேதியியல் முறையில் செய்து செல்லுக்குள் வைக்கிறார்கள். 2012இல் ஜோ தார்ன்டன், டாம் ஸ்டீவன்ஸ் இருவரின் குழுக்களும் சேர்ந்து செய்த வேலை இதற்கு நல்ல உதாரணம். செல்லின் உள்ளறைகளை அமிலமாக்கும் ஒரு பம்பில் ஆறு துண்டுகள் கொண்ட வளையம் இருக்கிறது. விலங்குகளில் அது இரண்டு வகைப் புரதங்களால் ஆனது. பூஞ்சைகளில் மூன்று வகை, மூன்றுமே கட்டாயம். "ஒன்று குறைந்தாலும் இயங்காத இயந்திரம் படிப்படியாக எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் சுட்டிக்காட்டத் தோதான பொருள்.

பூஞ்சையின் மூன்றில் இரண்டு, சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரே மரபணு இரட்டித்ததால் வந்தவை. அந்த மூதாதை மரபணுவைக் கணக்கிட்டுச் செய்து, இரண்டு வாரிசுகளையும் நீக்கிய ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட் வளர்ந்தது. இரண்டு பேர் செய்யும் வேலையைத் தாத்தா தனியாளாகச் செய்தார். இரட்டித்த பிறகு என்ன நடந்தது என்றும் பார்த்தார்கள். மூதாதைக்கு இரண்டு பக்கமும் கைகோக்கத் தெரியும். ஒரு வாரிசு ஒரு பக்கத்துத் திறமையையும் மற்றது மறுபக்கத்துத் திறமையையும் இழந்துவிட்டன. ஒற்றை மாற்றங்களே இந்த இழப்புக்குப் போதும் என்று மூதாதை மரபணுவில் அவற்றைப் புகுத்திக் காட்டினார்கள். யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, ஆளுக்கொன்றை மறந்ததால் இரண்டு பேருமே கட்டாயமாகிவிட்டார்கள். சிக்கல் கூடுவதற்கு முன்னேற்றம் எதுவும் தேவையில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

இயற்கை தானே வைத்த டிஎன்ஏவையும் சொல்லாமல் விட முடியாது. நம் மரபுத்தொகுதியில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின், அதாவது தம் மரபணுக்களைச் செல்லின் டிஎன்ஏவிலேயே பதித்துவிடும் வைரஸ்களின், மிச்சம். பெரும்பகுதி குப்பை, சில மட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை. சின்சிட்டின் என்ற மரபணு ஒரு காலத்தில் வைரஸின் மேலுறைப் புரதத்துக்கானது. இன்று நம் நச்சுக்கொடியில் செல்களை ஒன்றோடொன்று இணைத்துத் தாய்க்கும் கருவுக்கும் நடுவே ஒரு படலத்தை அமைக்கிறது. 2000ஆம் ஆண்டில் இந்த மரபணுவை வளர்ப்புச் செல்களுக்குள் வைத்துப் பார்த்தார்கள். செல்கள் ஒன்றோடொன்று கரைந்து பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களாயின. செல்லின் சவ்வோடு ஒன்றாகக் கலந்து நுழைய வைரஸ் பயன்படுத்திய பழைய வித்தைதான் அது. எலியிடமும் இப்படி ஒரு மரபணு உண்டு, ஆனால் அது வேறொரு வைரஸிலிருந்து தனியாக வந்தது. தாவரங்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2015இல் 291 சர்க்கரைவள்ளி வகைகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுக்கள் இருந்தன. தாவரங்களுக்குள் மரபணு புகுத்த ஆய்வகங்கள் பயன்படுத்துவதும் இதே வகை பாக்டீரியாதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "வைத்தோம், வேலை செய்தது" என்ற முடிவை உடனே நம்பிவிடக் கூடாது. பிளாஸ்மிட் ஒரு செல்லில் பத்து, நூறு நகல்களாக இருக்கலாம். அரைகுறையாக வேலை செய்யும் புரதமும் அளவு கூடினால் முழுதாகச் செய்வது போலத் தெரியும். ஆய்வகத் தட்டில் உணவு தாராளம், போட்டி இல்லை. வெளியே வளரவே முடியாதது அங்கே வளரும். நல்ல சோதனைகளில் மரபணுவை அதன் சொந்த இடத்திலேயே, ஒரே நகலாக வைப்பது இதனால்தான். பாம்புச் சோதனையை நான் இவ்வளவு நம்புவதற்கு அதுவே காரணம்.

கடைசிக் கேள்வி: வைத்த மரபணு நிலைக்குமா? குரோமோசோமில் பதிந்து, அதனால் நன்மையும் இருந்தால் நிலைக்கும். பாக்டீரியாவில் பிளாஸ்மிட்டாக வைத்தது பெரும்பாலும் நிலைக்காது. தனக்கு உதவாத புரதத்தைச் செய்துகொண்டிருக்கும் செல்லுக்கு அது வெறும் சுமை. செல் பிரியும்போது எப்போதாவது ஒரு மகள் செல்லுக்குப் பிளாஸ்மிட் போய்ச் சேராது. மருந்து கலந்த தட்டில் அது செத்துவிடும். மருந்து இல்லாவிட்டால் சுமையில்லாத அந்தச் செல் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். ஈ. கோலைக்கு இருபது நிமிடத்தில் ஒரு தலைமுறை, எனவே இது நம் கண்முன்னே நடக்கும். பிளாஸ்மிட்டைத் தொலைக்காத செல்களிலும் மரபணுவின் தொடக்கச் சுவிட்ச் உடைந்துபோனவை முந்தத் தொடங்கும். அதனால்தான் ஆய்வகங்களில் முதல் நாள் கிடைத்த நல்ல செல்களை கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்துவிடுவோம், ஒவ்வொரு முறையும் அதிலிருந்து புதிதாகத் தொடங்குவோம். மருந்து ஆலைகளிலும் இப்படி உறைய வைத்த சிறு குப்பிகளின் இருப்பு உண்டு. தொட்டியில் வளர்ந்ததையே அடுத்த தொட்டிக்கு விதையாகப் போட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் தொட்டி நிறைய பாக்டீரியா இருக்கும், இன்சுலின் இருக்காது.